முறியாத கையைப் பாருங்கள்: பிளாஸ்டர் போட்ட பிள்ளையோடு தீவுக்குப் படகில் போவது

சித்திரை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்து நெடுந்தீவு போவதென்று மாசியிலேயே பேசி வைத்திருந்தோம். கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் வருகிறது, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கடலைப் பார்க்க வேண்டும், குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆரவாரம். அதற்கு மூன்று கிழமை இருக்கும்போது எங்கள் மகன், வீட்டில் எல்லோருக்கும் "தம்பி", 9 வயது, அம்மம்மா வீட்டு மதிலில் ஏறி ஜம்பு பறிக்கப் போய் விழுந்துவிட்டான். வலக்கை. மணிக்கட்டுக்கு மேலே பாதி முறிவு. சின்னப் பிள்ளைகளின் எலும்பு காய்ந்த விறகு போல இரண்டாக உடையாது. பச்சைப் பூவரசம் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் கிழிந்து மற்றப் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படித்தான் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். முழங்கைக்கு மேல் வரை பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள்.

மாமி, "பிள்ளையைக் கடலுக்குக் கொண்டு போகாதேங்கோ" என்று ஒற்றைக் காலில் நின்றார். மச்சாள் பயணத்தையே நிறுத்துவோம் என்றாள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை.

அந்த முதல் கிழமை வீடு முழுக்க அவனுடைய முறிந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. முறிந்த கைக்கு வேலை இல்லை, அது சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். பயணத்தைத் திட்டமிட வேண்டியது மற்றக் கையைப் பார்த்து. எந்தக் கையால் கம்பியைப் பிடிப்பான், எந்தப் பக்கம் இருப்பான், எதால் சாப்பிடுவான், எதைத் தூக்குவான் என்று இடக்கையை வைத்து யோசிக்கத் தொடங்கியதும் பாதிப் பயம் போய்விட்டது. நயினாதீவுக்கு ஒரு தடவை, பிறகு நெடுந்தீவுக்கு என்று இரண்டு பயணம் போய் வந்தோம். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் டொக்டரிடம்

கேட்காமல் போகாதீர்கள். பிளாஸ்டர் போட்ட முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடும் காலம். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டிய நேரம் அது. அதோடு, வெள்ளைப் பிளாஸ்டர் முழுதாகக் காய்வதற்கே இரண்டு மூன்று நாள் எடுக்கும். பிறகு ஒரு கிழமை, பத்து நாளில் திரும்ப எக்ஸ்ரே எடுத்து எலும்பு விலகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது முடியும் வரை படகைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது சரி என்றான பிறகு, "படகில் போகலாமா? எவ்வளவு நேரம்? நோவுக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி? கடலில் சத்தி வராமல் இருக்க ஏதாவது கொடுக்கலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சத்தி மருந்தைக் கடையில் தானாக வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

எந்த வகைப் பிளாஸ்டர் என்றும் கேட்டு வையுங்கள். வெள்ளை மாவுக்கட்டு நனைந்தால் இளகிவிடும். கலர் கலராக வரும் ஃபைபர்கிளாஸ் கட்டு நனைந்தாலும் உடையாது. அதனால் பலர் அதைத் தண்ணீருக்குப் பயமில்லாதது என்று நினைக்கிறார்கள். மேலோடு மட்டும்தான் அப்படி. உள்ளே சுற்றியிருப்பது பஞ்சு. பஞ்சு நனைந்து ஈரமாகவே இருந்தால் தோல் ஊறிப் புண்ணாகும், மணக்கும். உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் இன்னொரு பேச்சும் வந்தது: கட்டை வெட்டிவிட்டு முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுப் பத்துக் கட்டினால் கெதியாகச் சுகம் வரும் என்று. வைத்தியர்களில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் நேராக்கி வைத்த எலும்பை இடைநடுவில் அவிழ்க்கக் கூடாது. கட்டு கட்டியபடி இருக்கட்டும்.

எந்தத் தீவு, எந்த மாதம்

எங்கள் கடலுக்குக் குணம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் தீவுப் படகுகள் புறப்படும் குறிகட்டுவான் துறைப் பக்கக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேல் காற்று எழும்பினால் படகு தூக்கிப் போடும். கைமுறிந்த பிள்ளையோடு சோளகக் காலத்தில் நெடுந்தீவு வேண்டவே வேண்டாம். எந்த மாதமானாலும் காலைப் படகு நல்லது. மத்தியானத்துக்குப் பிறகு காற்றுக் கூடும்.

முதலில் நயினாதீவு போங்கள். குறிகட்டுவானில் இருந்து 20 நிமிடம் கூட ஆகாது. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த படகில் திரும்பி வரலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அளவில் எடுக்கும், படகும் ஒரு நாளைக்குச் சிலதுதான், நினைத்த நேரம் திரும்ப முடியாது. நாங்கள் இரண்டாவது கிழமை முடிவில் நயினாதீவும், நான்காவது கிழமையில் நெடுந்தீவும் போனோம். அண்ணாவின் லீவு அதற்கு இடம் கொடுத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை வான் பிடித்துப் போனோம். பஸ் உண்டு. ஆனால் சனம் நெருக்கும் பஸ்ஸில் பிளாஸ்டர் கையோடு நிற்கும் பிள்ளையை எல்லோரும் இடித்துக்கொண்டுதான் போவார்கள். செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள்.

சொப்பின் பையும் வாளியும்

தண்ணீர் படாமல் கட்டுவதற்கு நான் மூன்று நாள் பரிசோதனை செய்தேன். முதலில் என்னுடைய கையில். மணிக்கட்டில் ஒரு டிஷ்யூவைச் சுற்றி, அதன் மேல் சொப்பின் பையைப் போட்டு, கட்டி, வாளித் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். டிஷ்யூ சொத சொதவென்று வந்தது. சொப்பின் பைகளின் அடியில் தையல் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும். பாண் வருகிற நீட்டுப் பை நல்லது. ஊதிப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

கடைசியில் சரிவந்தது இப்படி. கட்டின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே, தோலில், சின்னத் துவாய்த் துண்டு ஒன்றை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்; வழிந்து வரும் தண்ணீரை அது குடிக்கும். அதை மூடிப் பாண் பை. பையின் வாய் துவாயையும் தாண்டி வர வேண்டும். அகலமான மருந்து டேப்பால், பாதி பையிலும் பாதி தோலிலும் படும்படி ஒட்ட வேண்டும். அதன் மேல் இரண்டாவது பை, அதே மாதிரி. றப்பர் பான்டோ சைக்கிள் ரியூப்போ போட்டு இறுக்க வேண்டாம். அது இரத்த ஓட்டத்தை நிறுத்தும். பை மூடியிருப்பதால் விரல் நீலமானாலும் உங்களுக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்தாலும் அது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் காவல், முக்கி எடுப்பதற்கு இல்லை. இறங்குதுறையில் கட்டி, தீவில் இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். சித்திரை வெயிலில் பைக்குள் வேர்வையே ஒரு சின்னக் கடலாகிவிடும். திரும்பி வரும்போது கட்டப் புதிய பைகள், டேப், துவாய்த் துண்டு எல்லாம் இன்னொரு சோடி எடுத்துப் போங்கள்.

மணலுக்கு வேறு வேலை. தகப்பனின் பழைய சொக்ஸ் ஒன்றின் பாதத்தை வெட்டிவிட்டு, விரல் பக்கம் கட்டின் விளிம்பை மூடிப் போட்டேன். விரல்கள் வெளியே தெரியும், மணல் உள்ளே போகாது.

உடுப்புக்கு ஒரு விதி: போடும்போது முறிந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். முன்னால் பொத்தான் வைத்த, கை அகலமான சட்டை வேண்டும். கை நுழையாவிட்டால் துணியை வெட்டாமல் தையலைப் பிரித்துவிடுங்கள், பிறகு தைத்துக்கொள்ளலாம். இதே விதிதான் லைஃப் ஜாக்கெட்டுக்கும். எல்லா வாரையும் முழுக்கத் தளர்த்தி, பிளாஸ்டர் கையை முதலில் நுழைத்து, பிறகு மற்றக் கை, பிறகு இறுக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் துணியை ஜாக்கெட்டுக்கு உள்ளே விடக் கூடாது. தண்ணீரில் விழ நேர்ந்தால் கை உடம்போடு கட்டுப்பட்டு இருக்கும். துணி ஜாக்கெட்டுக்கு வெளியே, சுலபமாகக் கழற்றக்கூடிய மாதிரி இருக்கட்டும். தம்பி அந்தத் துணியை "கை ஏணை" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டான். அவனுடைய தங்கச்சியைப் போட்டு ஆட்டின ஏணை அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இறங்குதுறையும் படகும்

முழுப் பயணத்திலும் ஆபத்தான இடம் ஒன்றே ஒன்று. துறைக்கும் படகுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு எட்டு.

நயினாதீவுப் பயணத்தில் எனக்கு அது தெரியவில்லை. படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, பின்னால் சனம் நெருக்கியது. படகில் நின்ற ஒரு பெடியன், நல்ல மனதோடுதான், தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கினான். எந்தக் கையை? முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கையை. பைக்குள் இருந்த பிளாஸ்டர் கை. தம்பி போட்ட சத்தம் இப்பவும் என் காதில் இருக்கிறது. நல்ல காலம், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்று பின்னேரமே காட்டிப் பார்த்துவிட்டோம். பெடியனில் பிழை இல்லை. படகில் ஏறுகிறவருக்குக் கை கொடுப்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். முன்கூட்டிச் சொல்லாதது நான்.

ஆகவே நெடுந்தீவு போகும்போது மூன்று காரியம் செய்தோம். பைக்கு மேலே சிவப்பு ரிபன் ஒன்றைத் தளர்வாகக் கட்டினேன், தூரத்திலேயே தெரிய. ஏறுவதற்கு முன்னமே படகுக்காரரிடம், "அண்ணை, பிள்ளைக்குக் கை முறிஞ்சிருக்கு. கையைப் பிடிக்காதேங்கோ, அக்குளுக்குள்ள பிடிச்சுத் தூக்குங்கோ" என்று சொன்னேன். "அதுக்கென்ன தங்கச்சி, ஆக்கள் ஏறட்டும், நான் ஆறுதலா ஏத்திறன்" என்றார். தகப்பன் முதலில் ஏறி நின்றார், நான் பின்னால் நின்றேன், நடுவில் அவன். அலை படகைத் துறை மட்டத்துக்குத் தூக்கும் நேரம் பார்த்து ஒரே எட்டு.

இருக்கும் இடம்: தண்ணீர் தெறிக்கும் ஓரத்துக்கும் ஆட்கள் நடக்கும் வழிக்கும் முறிந்த கை வரக் கூடாது. நல்ல கை கம்பிப் பக்கம், முறிந்த கை என் மடிப் பக்கம். சில படகுகளில் குனிந்து கீழே இறங்கித்தான் இருக்க வேண்டும். அங்கே தெறிப்பு இல்லை, ஆனால் புழுக்கமும் டீசல் மணமும் வயிற்றைப் பிரட்டும். வாசலுக்குக் கிட்ட, படகின் நடுப்பகுதியாகப் பார்த்து இருங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. தூரத்தில் தெரியும் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுத்தால் சத்தி நிச்சயம். வெறும் வயிறும் கூடாது, நிரம்பின வயிறும் கூடாது. எங்களுக்குப் பாணும் வாழைப்பழமும் சரிவந்தது.

சாப்பாடும் விபூதியும்

வலக்கை முறிந்த பிள்ளை இடக்கையால் சாப்பிட்டாக வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஒரு பார்வை இருக்கிறது, பிள்ளைகளுக்கும் அது தெரியும். தம்பி முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட வெட்கப்பட்டான். மாமி இதற்கு முறுகுவார் என்று நினைத்திருந்தேன். அவர்தான் கரண்டியை எடுத்து அவன் இடக்கையில் வைத்து, "கடவுள் ரெண்டு கை தந்தது இதுக்குத்தான் ராசா" என்றார். பயணத்துக்குப் பிசைய வேண்டிய சாப்பாடு கட்டாதீர்கள். றோல்ஸ், அவித்த முட்டை, கொழுக்கட்டை, தோல் உரித்த தோடம்பழம், ஒரு கையால் திறக்கக்கூடிய தண்ணீர்ப் போத்தல். நாள் முழுக்க "அம்மா, இதைத் திறந்து தாங்கோ" என்று கேட்க வைத்தால் பிள்ளை சோர்ந்துபோகும்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலில் ஐயர் விபூதி தரும்போது தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். இடக்கையை நீட்டலாமா என்று. நான் வாய் திறப்பதற்குள் ஐயர் குனிந்து, பிளாஸ்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலக்கை விரல் நுனிகளில் ஒரு துளி வைத்தார். தம்பியால் அந்தக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்த் தானே பூசிக்கொள்ள முடியாது. தங்கச்சி எட்டி அதை எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டாள். அவளுக்கு 5 வயது. அண்ணாவுக்கு மட்டும் எல்லாக் கவனிப்பும் என்று ஒரு கிழமையாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள். அன்றிலிருந்து அவனுடைய வலக்கை தான்தான் என்று திரிந்தாள். உங்களுக்கும் இன்னொரு பிள்ளை இருந்தால் அதற்கும் ஒரு பொறுப்புக் கொடுங்கள்.

மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. கரண்டியைக் கொண்டு போக மறக்க வேண்டாம்.

நெடுந்தீவில்

தீவில் ஓடும் வாகனம் ஒன்றைப் பேசி எடுத்தோம். பாதை குலுக்கும். பிள்ளையை முன் சீட்டில் இருத்தி, பிளாஸ்டர் கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். எல்லா இடமும் பார்க்க நினைக்காதீர்கள். ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு மரம், குதிரைகள், ஒரு கடற்கரை. அது காணும். பெருக்கு மரத்தின் அடியில் ஆள் நுழையும் பொந்து இருக்கிறது, பிள்ளைகள் அதிலேயே அரை மணி நேரம் நிற்பார்கள்.

தம்பிக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, குதிரைகளை எண்ணி எழுதச் சொன்னேன். இடக்கையால் கோடு போட்டுப் போட்டு எண்ணினான். கோடுகள் எல்லாம் சரிந்து விழுந்திருந்தன. ஆனால் அவன் அவ்வளவு கவனமாக எதையும் எழுதி நான் கண்டதில்லை. குதிரைகளுக்குக் கிட்டப் போக விடாதீர்கள். காட்டுக் குதிரைகள் அவை, உதைக்கும்.

அங்கே மதில் எல்லாம் பவளக் கல். ஏறி நின்று படம் எடுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை வரும். மதிலில் இருந்து விழுந்த பிள்ளைக்கு நான் அதை விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. கடற்கரையில் கணுக்கால் வரை மட்டும், மணல் தரையில் மட்டும், பெரியவர் ஒருவர் பிளாஸ்டர் பக்கமாக நின்றுகொண்டு. பாசி பிடித்த கல்லில் வழுக்கி அதே கையை ஊன்றினால் எல்லாம் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மணிக்கு ஒரு தடவை விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்திவிட்டால் வெளிறி, இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். விரல் குளிர்ந்து, வெளிறி அல்லது நீலமாக, மரத்துப்போய் இருந்தாலோ, அசைக்க ஏலாது என்றாலோ, மருந்து கொடுத்தும் நோ கூடிக்கொண்டே போனாலோ பயணத்தை விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெடுந்தீவில் வைத்தியசாலை இருக்கிறது. கரைக்கு வந்தபின் என்றால் 1990 அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. கட்டுக்குள் கடல் தண்ணீர் போனாலும், வெள்ளைக் கட்டு இளகினாலும் அன்றே காட்டுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

கட்டுக்குள் அரிப்பெடுத்துக் கடித்தால் அடிமட்டம், ஊசி, ஈர்க்கு எதையும் உள்ளே விட விடாதீர்கள். தோல் கீறினால் உள்ளே புண் வந்தது தெரியாது. பனையோலை விசிறியால் கட்டின் வாய்ப் பக்கம் விசிறுங்கள், அல்லது கட்டின் வெளியே மெல்லத் தட்டுங்கள்.

பெரிய கப்பலில் போகிறவர்கள்

2023 ஆனியில் சென்னையில் இருந்து உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பலும் தொடங்கியது. வெளிநாட்டுச் சொந்தங்களும் விடுமுறைக்குக் கப்பல் ஏறுகிறார்கள். மச்சாளின் தங்கை இதையே கேட்டபோது நான் சொன்னது: டொக்டரின் கடிதமும் எக்ஸ்ரேயின் படமும் போனில் இருக்கட்டும். கப்பல் கொம்பனிக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். பயணக் காப்புறுதி இந்த முறிவை ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அடுக்குக் கட்டிலில் பிள்ளைக்குக் கீழ்க் கட்டில். அறை கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. நீச்சல் குளத்துக்குள் இறங்க முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், கப்பலில் போய்ச் சொன்னால் அழுகைதான். விமானத்தில் போய்க் கப்பல் ஏறுவதென்றால், பிளாஸ்டர் போட்டு இரண்டு நாளுக்குள் பறக்க விமானக் கொம்பனிகள் இலேசில் விடாது. வீக்கத்துக்கு இடம் விட்டுக் கட்டை நீளவாக்கில் பிளந்திருக்க வேண்டும் என்பார்கள்.

திரும்பி வந்த இரவு

குளிக்க வார்க்கும் முன் பையைக் கழற்றி, கட்டை உலர்ந்த துணியால் துடைத்து, மணந்து பாருங்கள். உள்ளே கொஞ்சம் ஈரம் போல் இருந்தால் முடி உலர்த்தும் கருவியைக் குளிர் காற்றில் வைத்துப் பிடியுங்கள், சூட்டில் வைக்க வேண்டாம், தோல் வெந்துவிடும். நித்திரைக்குக் கையைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். அன்று முழுக்கத் தொங்கின கை கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் வற்றிவிட வேண்டும். வற்றாவிட்டால் காட்டுங்கள்.

தம்பி அன்று இரவு கொப்பியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். 43 குதிரை. தங்கச்சி 44 என்று இன்னும் சண்டை பிடிக்கிறாள்.